படையைத் திருப்பி அழையுங்கள் என்ற பழைய ராணுவக்காரர்

ஜான் மர்த்தா என்ற பெயரை அமெரிக்க அரசியலை விடாமல் கவனிப்பவர்களே இன்று மறந்திருப்பார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஒரு பழைய உருக்காலை ஊர் இருக்கிறது. அந்தப் பகுதியின் பிரதிநிதியாக 1974 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தவர். வியட்நாம் போர்முனையில் சண்டையிட்டுவிட்டு வந்து பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். மரைன் படையில் கர்னல் வரை உயர்ந்து 1990-இல் ஓய்வு பெற்றார். வெண்கல நட்சத்திரம் ஒன்றும், போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இரண்டும் அவரிடம் இருந்தன. கட்சி, ஜனநாயகக் கட்சி. ஆனாலும் ராணுவ விஷயம் என்று வந்துவிட்டால் குடியரசுக் கட்சிக்காரர்களே அவரிடம் யோசனை கேட்பார்கள். 1991 வளைகுடாப் போரை ஆதரித்தார். 2002 அக்டோபரில் இராக் மீது படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் 296-க்கு 133 என்று சபையில் நிறைவேறியதே, அந்த 296-இல் அவர் ஓட்டும் ஒன்று.

அப்படிப்பட்டவர் 2005 நவம்பர் 17 அன்று செய்தியாளர்களை அழைத்து, இராக்கிலிருந்து நம் படைகளை வெளியே எடுங்கள் என்றார். அப்போது வயது 73. எழுதி வைத்ததைப் படிக்கும்போதே இடையிடையே குரல் உடைந்தது.

அந்த உரையை நான் அவ்வப்போது எடுத்துப் படிப்பதுண்டு. போரை எதிர்க்கும் பேச்சுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். போர் கொடியது, நம் பிள்ளைகள் சாகிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் சாகிறார்கள், ஆகவே நிறுத்துங்கள். உண்மைதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் போரைத் தொடங்கியவர் இதைக் கேட்டு ஒரு நாளும் மனம் மாறியதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் தொடங்கினோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மர்த்தா அந்தத் தடத்திலேயே போகவில்லை. பாதுகாப்புத் துறைக்கு நிதி ஒதுக்கும் துணைக்குழுவில் தன் கட்சியின் மூத்த உறுப்பினர் அவர். ராணுவத்துக்கு எவ்வளவு பணம் போகிறது, அது எங்கே செலவாகிறது, எது போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்த ஆள். அவர் பேசியது கணக்கு.

என்ன கணக்கு? நீங்களே வைத்த அளவுகோலை வைத்து நீங்கள் செய்ததை அளந்து பார்க்கிறேன் என்கிற தோரணை. எண்ணெய் உற்பத்தியும் மின்சார உற்பத்தியும் போருக்கு முந்தைய அளவைக்கூடத் தொடவில்லை. மறுகட்டமைப்புக்கு ஒதுக்கிய 18 பில்லியன் டாலரில் ஏறக்குறைய பாதிதான் செலவாகியிருந்தது. குடிநீர்த் திட்டங்களுக்கு 2.2 பில்லியன் ஒதுக்கியிருந்தும் செலவானது 500 மில்லியன். வேலையில்லாதவர்கள் 60 சதவீதம் என்றார். அமெரிக்கப் படை மீதான தாக்குதல்கள் ஒரு வருடத்தில் வாரத்துக்குச் சுமார் 150 என்பதிலிருந்து 700-க்கு மேல் போயிருந்தன. இறந்த அமெரிக்க வீரர்கள் அன்றைய தேதிக்கு 2,079 பேர். படுகாயம் அடைந்தவர்கள் 15,500-க்கு மேல்.

இதில் குடிநீர்க் கணக்கைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, ஆனால் குழாய் பதிக்கப் போகிறவனுக்குப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு கொடுக்கப் படை போனால் படையைத் தேடி வெடிகுண்டு வருகிறது. வெடிகுண்டு வந்த தெருவில் குழாய் பதிக்க முடியாது. தண்ணீர் வராத தெருவில் இருப்பவனுக்கு, தன்னை விடுவித்ததாகச் சொல்லிக்கொள்ளும் படை மீது நாளுக்கு நாள் எரிச்சல் ஏறுகிறது. அந்த எரிச்சலில் இன்னொரு வெடிகுண்டு. இன்னும் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்டால் ஒதுக்கலாம், மர்த்தாவே பல தடவை ஒதுக்கியவர்தான். ஒதுக்கிய பணமே செலவாகாமல் கிடக்கும்போது மேலும் ஒதுக்கி என்ன ஆகப்போகிறது?

இங்கேதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு இருக்கிறது. நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவர் சொல்லவில்லை. நாம் அங்கே இருப்பதே வன்முறைக்குத் தூண்டுகோலாகிவிட்டது என்றார். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத ஆயுதக் குழுக்கள் அமெரிக்கப் படையை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றாக நிற்கின்றன, நம் வீரர்கள்தான் அவர்களுக்கு முதல் இலக்கு என்றார். இராக்கியரிடம் எடுத்த ஒரு பிரிட்டிஷ் கருத்துக்கணிப்பையும் எடுத்துக் காட்டினார். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டுப் படை இருப்பதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள், 45 சதவீதம் பேர் அமெரிக்கப் படை மீதான தாக்குதலே நியாயம் என்கிறார்கள். யாரைக் காப்பாற்றப் போனோமோ அவர்களில் பாதிக்குப் பாதி பேர் நம்மைச் சுடுவது சரி என்று நினைத்தால், அந்த ஊரில் ராணுவம் செய்ய என்ன வேலை மிச்சம் இருக்கிறது?

தோற்கிறோம் என்று சொன்னால் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. இன்னும் படை அனுப்பு, தளபதியை மாற்று, உத்தியை மாற்று. நாம் இருப்பதே காரணம் என்று சொன்னால் அந்தப் பதில் எதுவும் பொருந்தாது. படையைக் கூட்டினால் காரணத்தைக் கூட்டுவதாக ஆகிவிடும். வெள்ளை மாளிகை அவ்வளவு பதறியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதே நாளில் வந்த அவர்கள் அறிக்கை, ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூரின் நிலைப்பாட்டையும் தீவிர இடதுசாரிகளின் நிலைப்பாட்டையும் மர்த்தா எடுத்துக்கொண்டுவிட்டார் என்று சொன்னது. முப்பத்தேழு வருடம் மரைன் படைப் பதிவேட்டில் பெயர் இருந்த ஆளைப் பார்த்து!

இதற்கு மர்த்தா கொடுத்த பதில் கொஞ்சம் பிரபலம். துணை அதிபர் டிக் செனி வியட்நாம் காலத்தில் கட்டாய ராணுவச் சேவையை ஐந்து முறை ஒத்திப்போட்டவர். ஐந்து தடவை விலக்கு வாங்கிக்கொண்டு, போர்முனைப் பக்கமே போகாமல், மற்றவர்களைப் போருக்கு அனுப்பிவிட்டு, என்ன செய்யலாம் என்று யோசனை சொன்னால் மட்டும் கோபப்படுகிற ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிற பாணியில் குத்தினார். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. போருக்குப் போனவன்தான் போரைப் பற்றிப் பேசலாம் என்று வைத்துக்கொண்டால், போருக்குப் போகாத கோடிக்கணக்கான குடிமக்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தை, 420-க்கு 1 என்று தனியாக நின்று எதிர்த்து வாக்களித்த சபை உறுப்பினர் பார்பரா லீ எந்தப் போர்முனைக்கும் போனவரில்லை. அவர் எச்சரிக்கை மர்த்தாவுக்கு நான்கு வருடம் முந்தியது. பதக்கம் இருந்ததால் மர்த்தா சொன்னது காதில் விழுந்தது. அது நாட்டின் குறை, லீயின் குறையில்லை.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மர்த்தாவை மாற்றியது எது என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது மருத்துவமனை. வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை, பக்கத்தில் பெத்தெஸ்டாவில் கடற்படை மருத்துவமனை. இரண்டுக்கும் அவர் வாராவாரம் என்பது போலப் போய்க்கொண்டிருந்தார். கேமராவைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கமில்லை. அன்றைய பேச்சில் அங்கே பார்த்த சிலரைப் பற்றிச் சொன்னார். வெடிக்காமல் கிடந்த சிறு குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும்போது இரண்டு கைகளையும் பார்வையையும் இழந்த ஓர் இளைஞன். உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று மர்த்தா கேட்டிருக்கிறார். பையனுக்குப் பர்ப்பிள் ஹார்ட் வாங்கிக் கொடுங்கள் என்றாராம் அம்மா. ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று விசாரித்தால், வெடித்தது நம்முடைய குண்டுதான், எதிரி போட்டதில்லை, ஆகவே விதிப்படி தர முடியாது என்கிறார்கள். மர்த்தா நேரே மேலதிகாரிகளிடம் போய், நீங்கள் கொடுக்காவிட்டால் என்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்றிருக்கிறார். அப்புறம் கொடுத்தார்கள்.

இன்னொருவர் அவருடைய தொகுதிக்காரர். பார்வையும் ஒரு பாதமும் போய்விட்டன. சிகிச்சையெல்லாம் நன்றாகச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. பிறகு அவரைத் தேடி வந்தது கடன் வசூலிப்பவர்களின் கடிதம்.

இந்த இரண்டு கதையிலும் யாரும் கெட்டவர்கள் இல்லை. விதிப் புத்தகம் அதன் வேலையைச் செய்தது, பில் போடும் பிரிவு அதன் வேலையைச் செய்தது. பதக்கத்துக்கான விதியைக் கவனித்தீர்களா? காயம் எதிரியால் பட்டதா, நம்மாலேயே பட்டதா என்று பிரித்துப் பார்க்கும் விதி. இராக்கில் எதிரி யார், இவர்கள் என்ன செய்யப் போனார்கள் என்பதே குழம்பிக் கிடந்த நேரத்தில், இரண்டு கையும் போன ஒருவனிடம் அந்த விதி மட்டும் அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது.

சரி, அவர் கேட்டது என்ன? அவர் கொண்டுவந்த தீர்மானம் சின்னது. இராக்கில் உள்ள படைகளை நடைமுறையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விலக்க வேண்டும். அந்த வட்டாரத்திலேயே ஒரு விரைவுப்படையும், அடிவானத்துக்கு அப்பால் மரைன்களும் தயாராக நிற்க வேண்டும். மற்றதைப் பேச்சுவார்த்தை வழியாகப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் ஆகும் என்று மதிப்பிட்டார். தலைதெறிக்க ஓடி வரச் சொல்லும் திட்டம் இல்லை இது. பக்கத்தில் நின்று கவனி, தேவைப்பட்டால் வந்து அடி, ஆனால் தெருவில் நிற்காதே என்கிற திட்டம்.

மறுநாள் நடந்ததுதான் வேடிக்கை. நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம். ராணுவக் குழுத் தலைவர் டங்கன் ஹன்டர் பெயரில் குடியரசுக் கட்சி திடீரென்று ஒரு தீர்மானத்தைச் சபையில் வைத்தது. இராக்கில் அமெரிக்கப் படைகளை நிறுத்தியிருப்பது உடனடியாக முடிவுக்கு வர வேண்டும் என்பது இச்சபையின் கருத்து. அவ்வளவுதான், ஒரே வரி. விரைவுப்படை இல்லை, மரைன் இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, நடைமுறை என்ற பேச்சே இல்லை. கொண்டுவந்தவர்களே எதிர்த்து வாக்களிப்பதற்காகக் கொண்டுவந்த தீர்மானம்.

நியாயமாகச் சொன்னால் இதற்கு இடம் கொடுத்தவர் மர்த்தாவேதான். எழுத்தில் இருந்த தீர்மானம் நிதானமாக இருந்தது. ஆனால் செய்தியாளர்கள் முன்னால் படித்த உரையில், படையின் பாதுகாப்புக்குப் பங்கம் வராமல் உடனடியாக விலக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு அந்த 'உடனடியாக' என்பதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. அரசியலில் இது அன்றாடம் நடப்பது. முப்பது வருடம் சபையில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆத்திரத்திலும் துக்கத்திலும் எழுதிய உரை அது, எடை போட்டு எழுதிய உரை இல்லை.

அன்று இரவு விவாதத்தில் ஒஹையோவிலிருந்து புதிதாக வந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜீன் ஷ்மிட் எழுந்தார். அந்த ஆகஸ்டில்தான் இடைத்தேர்தலில் ஜெயித்திருந்தார். தோற்கடித்தது யாரை என்றால், இராக்கிலிருந்து திரும்பியிருந்த ஒரு மரைன் அதிகாரியை, அதுவும் மயிரிழையில். தனக்கு ஒரு மரைன் கர்னல் தொலைபேசியில் பேசினார், மர்த்தாவுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார் என்று ஆரம்பித்தார். கோழைகள்தான் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள், மரைன்கள் ஓட மாட்டார்கள். சபை கொதித்தது. கூச்சலில் சில நிமிடம் அவை நடவடிக்கை நின்றுபோனது. ஜனநாயகக் கட்சியின் டென்னசி உறுப்பினர் ஹெரால்ட் ஃபோர்ட் நடுவழியைத் தாண்டி எதிர் வரிசைக்குப் பாய்ந்தார், பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஷ்மிட் தன் வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வாக்கெடுப்பில் எதிர்ப்பு 403, ஆதரவு 3. ஆறு பேர் எந்தப் பக்கமும் சேராமல் வருகையை மட்டும் பதிவு செய்தார்கள். மர்த்தாவும் எதிர்த்துத்தான் வாக்களித்தார். அது அவருடைய தீர்மானம் இல்லையே. அவருடைய தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆனால் மறுநாள் செய்தியைப் படித்தவர் மனதில் நின்றது 403-க்கு 3 என்பதுதான். படை விலக்கத்தை விரும்புகிறவர்கள் மூன்றே பேர் என்று.

ஒரு வாதத்தைத் தோற்கடிக்க அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதைப் போலவே இருக்கும் ஒரு பொம்மையைச் செய்து அதை உடைத்தால் போதும். அந்த இரவு முழுக்க நடந்த விவாதத்தில், நம் படை இருப்பதே காரணம் என்ற கூற்றுக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. வீரம், துரோகம், மானம் என்றுதான் பேச்சு போனது. அதிபர் புஷ் அப்போது ஆசியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். இரண்டு நாள் கழித்து பெய்ஜிங்கில் மர்த்தாவை நல்ல மனிதர், நாட்டுக்குக் கௌரவமாகச் சேவை செய்தவர் என்று பாராட்டினார். செனியும் அப்படியே பாராட்டினார். கேள்விக்குப் பதில் மட்டும் அப்போதும் வரவில்லை.

மானப் பேச்சு என்றேன். அதில் மிகக் கனமான ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. செத்தவர்களின் சாவு வீணாகலாமா என்பது. அந்த வருட ஆகஸ்டில் முன்னாள் வீரர்கள் கூட்டத்தில் புஷ் இதைத்தான் சொன்னார். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அவர்கள் உயிரைக் கொடுத்த பணியை முடித்துக் காட்டுவோம். மகனைப் பறிகொடுத்த வீட்டில் போய் நின்றுகொண்டு இதற்கு எதிர்வாதம் செய்ய எனக்கு நா எழாது. ஆனால் இந்த வாதத்தின் உள்ளே புகுந்து பார்த்தால் பயமாக இருக்கிறது. 2,079 பேர் இறந்ததால் தொடர வேண்டும் என்றால், 3,000 பேர் இறந்தபின் இன்னும் உறுதியாகத் தொடர வேண்டும். சாவு கூடக் கூட நிறுத்த வழியில்லாமல் போகிறது. 2011 முடிவில் எண்ணிக்கை ஏறக்குறைய 4,500. இராக்கியர் சாவு இந்தக் கணக்கிலேயே வராது. அதை யாரும் ஒழுங்காக எண்ணவும் இல்லை.

இந்த இடத்தில் வால்டர் ஜோன்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வடக்கு கரோலினாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர். மரைன் தளமான கேம்ப் லெஜூன் அவர் தொகுதியில் இருந்தது. இராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததற்காக, 2003-இல் நாடாளுமன்றச் சிற்றுண்டிச்சாலையில் பிரெஞ்சு ஃப்ரைஸ் என்ற பெயரையே சுதந்திர ஃப்ரைஸ் என்று மாற்ற வைத்தவர்களில் ஒருவர். அவ்வளவு தீவிரமான போர் ஆதரவாளர். அதே வருடம் தொகுதியில் ஒரு மரைன் வீரனின் இறுதிச் சடங்குக்குப் போனார். அதன் பிறகு இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறார். அலுவலக வாசலில் இறந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டினார். 2005 ஜூனில், அதாவது மர்த்தாவுக்கு ஐந்து மாதம் முன்பே, இடதுசாரி டென்னிஸ் குசினிச்சோடும் குடியரசுக் கட்சியில் தனி வழியில் போகும் ரான் பாலோடும் சேர்ந்து படை விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். போருக்கு வாக்களித்தது பாவம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2019-இல் இறந்தார். ஜோன்ஸ் மனசாட்சியின் ஆள், மர்த்தா கணக்கின் ஆள். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், மதிப்பு ஜோன்ஸ் மேல்தான். ஆனால் ஒரு சபையை நகர்த்த மர்த்தாவின் வழிதான் உதவும் என்பது என் எண்ணம்.

மர்த்தாவை மகானாக்கவும் வேண்டாம். 1980-இல் எஃப்.பி.ஐ. விரித்த ஆப்ஸ்கேம் லஞ்ச வலையில் அவர் பெயரும் அடிபட்டது. பணத்தை அப்போதைக்கு வேண்டாம் என்று சொன்ன வீடியோ இருக்கிறது. வழக்குத் தொடரவில்லை, ஆனால் அந்த 'அப்போதைக்கு' அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. தன் தொகுதிக்குப் பாதுகாப்புத் துறைப் பணத்தை வளைத்துத் திருப்புவதில் மன்னன். அப்புறம் ஹடிதா. அவர் பேசி இரண்டே நாளில், நவம்பர் 19 அன்று, அன்பார் மாகாணத்தின் ஹடிதாவில் மரைன்கள் 24 பொதுமக்களைக் கொன்றார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு 2006 மே மாதம், விசாரணை முடிவதற்கு முன்பே, ஈவிரக்கமில்லாமல் அப்பாவிகளைக் கொன்றார்கள் என்று மர்த்தா சொன்னார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியது தவறு என்று கண்டித்தவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் அந்த வழக்கில் யாரும் சிறைக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2006 நவம்பர் தேர்தலில் காங்கிரஸ் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. வந்ததற்கு இராக் முக்கியக் காரணம். இனி நிறுத்திவிடுவார்கள் என்றுதான் ஓட்டுப் போட்டவர்கள் நினைத்தார்கள். எங்கே நிறுத்துவது? 2007 ஜனவரி 10 அன்று புஷ் இன்னும் 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பப் போவதாக அறிவித்தார்.

போரைத் தொடங்க அனுமதி கொடுக்கும் சபைக்கு அதை முடிக்க ஒரே ஒரு கருவிதான் கையில் மிஞ்சுகிறது, பணம். பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? போர்முனையில் நிற்கும் பிள்ளைக்குத் தோட்டாவும் சாப்பாடும் கொடுக்க மறுத்தவர்கள் என்ற பெயர் வரும். உண்மையில் அப்படி எதுவும் நடக்காது, திரும்பி வருவதற்கான செலவையும் அதே சட்டத்தில் எழுதலாம். ஆனால் தேர்தல் விளம்பரத்தில் இதையெல்லாம் விளக்க முடியாது. வியட்நாமில் இதுதான் நடந்தது. 1964-இல் அங்கே படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுத்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. 1971 தொடக்கத்தில் அதை ரத்தே செய்துவிட்டார்கள். போர் அது பாட்டுக்கு நடந்தது. பணத்தை முழுசாக நிறுத்தியது 1973 ஆகஸ்டில், அதற்குள் அமெரிக்கத் தரைப்படைகள் வீடு வந்து சேர்ந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

மர்த்தா இதற்கு ஒரு மாற்று வழி யோசித்தார். என் கணிப்பில் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். பணத்தைத் தொடாதே, நிபந்தனை போடு. முழுப் பயிற்சி முடிக்காத படைப்பிரிவை அனுப்பக் கூடாது. தளவாடம் முழுசாக இல்லாமல் அனுப்பக் கூடாது. போய் வந்தவருக்கு வீட்டில் ஒரு வருடமாவது ஓய்வு கொடுக்காமல் மறுபடி அனுப்பக் கூடாது. எல்லாமே ராணுவத்தின் சொந்த விதிகள்தான். அவற்றைச் சட்டமாக்கினால் போதும், கூடுதல் படை அனுப்புவதற்கு ஆளே இருக்காது. வீரர்களின் நலனுக்காகப் போட்ட நிபந்தனையை எந்த முகத்தோடு எதிர்ப்பார்கள்?

எதிர்த்தார்கள். மெல்ல மெல்ல இரத்தத்தை வடியவிடும் தந்திரம் என்று பெயர் வைத்தார்கள். சொந்தக் கட்சியிலேயே பலர் பின்வாங்கினார்கள். கடைசியில் அதிபர் நினைத்தால் தள்ளுபடி செய்துகொள்ளலாம் என்ற விதிவிலக்கோடு நிபந்தனைகள் மசோதாவுக்குள் போயின. கூடவே விலக்கத்துக்கான கால அட்டவணையும். 2007 மார்ச் 23 அன்று 218-க்கு 212 என்று சபையில் தப்பிப் பிழைத்தது. மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார். வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைத்தது 222-க்கு 203. அதே மாதக் கடைசியில் கால அட்டவணை எதுவும் இல்லாமல் பணம் போனது.

இனி மர்த்தாவுக்கு எதிரான வலுவான வாதத்துக்கு வருகிறேன். கூடுதல் படை போனது. 2007 அமெரிக்கப் படைக்கே மிகக் கொடிய வருடமாக ஆனது, சுமார் 900 பேர் இறந்தார்கள். ஆனால் வருடக் கடைசியில் வன்முறை உண்மையாகவே குறைந்தது. அந்த நவம்பரில் இராக் போய்வந்த மர்த்தாவே, கூடுதல் படை பலனளிக்கிறது என்று நினைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னார். குடியரசுக் கட்சிக்காரர்கள் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். அதே பேச்சில், அரசியல் சமரசத்தை இராக்கியர்தான் செய்தாக வேண்டும், அது நடக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். அதை யாரும் கொண்டாடவில்லை.

அப்படியானால் படை இருப்பதே காரணம் என்ற வாதம் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. அன்பாரில் சுன்னி இனக்குழுத் தலைவர்கள் அல்-காய்தாவை விட்டு விலகி அமெரிக்கர்களோடு கைகோத்தது 2006-இலேயே தொடங்கிவிட்டது. பாக்தாதில் கலந்து வாழ்ந்த பேட்டைகள் கொலைக்குப் பயந்து ஏற்கெனவே ஷியா பேட்டை, சுன்னி பேட்டை என்று பிரிந்து முடிந்திருந்தன. ஷியா மதத் தலைவர் முக்ததா அல்-சதர் 2007 ஆகஸ்டில் தன் ஆயுதக் குழுவைச் சண்டை நிறுத்தச் சொன்னார். இவற்றோடு கூடுதல் படையும் சேர்ந்தது. அதன் பங்கை இல்லையென்று சொல்ல மாட்டேன். மர்த்தா வாதத்தில் குறை இருந்தது இந்த இடத்தில்தான். அமெரிக்கரை எதிர்ப்பதில் ஒன்றாக நின்றவர்கள், அமெரிக்கர் போனால் சண்டையை விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள அவர்களிடம் தனிக் காரணங்கள் இருந்தன. 2006 பிப்ரவரியில் சாமர்ராவில் ஷியாக்களின் புனிதத் தலமான பொற்கூரை மசூதி தகர்க்கப்பட்ட பிறகு அது ஊரறியத் தெரிந்தது. உரையில் அந்த உள்நாட்டுச் சண்டைக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் சொல்வார்கள். 2011 டிசம்பரில் கடைசிப் படை வெளியேறியது, 2014 ஜூனில் மோசுல் ஐ.எஸ். கையில் விழுந்தது, அமெரிக்கர்கள் மறுபடி போக வேண்டி வந்தது, பார்த்தீர்களா என்று. பார்த்தேன். எட்டேமுக்கால் வருடம் இருந்து, பயிற்சி கொடுத்து, ஆயுதம் கொடுத்து உருவாக்கிய ராணுவம் சில நாளில் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தால் ஓடியிருக்காது என்று எதை வைத்து நம்புவது? கிளம்பியதால் விழுந்தது என்றும் சொல்லலாம், எவ்வளவு காலம் இருந்தாலும் கிளம்பும்போது விழக்கூடிய ஒன்றைத்தான் கட்டியிருந்தார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. நிரூபிக்க முடியாது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2011 டிசம்பர் 31-க்குள் படை முழுவதும் வெளியேற வேண்டும் என்ற தேதியைக் குறித்தது ஒபாமா இல்லை. 2008-இல் இராக் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் குறித்தது புஷ் நிர்வாகம். தேதி குறித்தால் எதிரிக்குச் சாதகம் என்று சொல்லி 2007 மே மாதம் வீட்டோ செய்த அதே புஷ். இராக்கிய அரசு பிடிவாதமாகக் கேட்டது, கொடுத்தார்கள். தன் நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தர மறுத்த தேதியை இன்னொரு நாட்டுக்குத் தர வேண்டியதாயிற்று. மர்த்தா படை திரும்பியதைப் பார்க்கவில்லை. பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் 2010 பிப்ரவரி 8 அன்று இறந்துபோனார்.

2002 அக்டோபரில் அவரும் வாக்களித்து நிறைவேற்றிய அந்த அதிகாரத் தீர்மானத்தில் முடிவுத் தேதி கிடையாது. சதாம் உசேனைத் தூக்கிலிட்டு, படை ஊர் திரும்பி, மறுபடி போன பிறகும் அது செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை பாக்தாத் விமான நிலையத்துக்கு அருகே கொன்றபோது, டிரம்ப் நிர்வாகம் சட்ட ஆதாரமாகக் காட்டியவற்றில் அந்த 2002 தீர்மானமும் ஒன்று. 2023 மார்ச்சில் அதை ரத்து செய்ய செனட் 66-க்கு 30 என்று வாக்களித்தது. அந்த வருடம் பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.